கிரைண்டரில் அரைத்த எலும்பு

கடையில் ஒரு பொருளை வாங்குவதை எங்கள் முதலாளி தோல்வியாகவே நினைத்தார். வேறு வழியில்லாமல் வாங்கிவிட்டால், அதைக் கழற்றிப் பார்த்து, "இதுல என்னுங்க இருக்குது? நம்மளே செஞ்சுக்கலாம்" என்று ஒருமுறை சொன்னால்தான் அவருக்கு மனசு ஆறும். கைக்கடிகாரம் முதல் லிஃப்ட் வரை எல்லாவற்றையும் பற்றி அவர் இப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதில் பாதியைச் செய்தும் காட்டினார் என்பதுதான் எங்கள் எல்லோருக்கும் வந்த வினை.

கோயமுத்தூரில் பம்ப் பட்டறை வைத்திருந்தார். அறுபது வயதை ஒட்டிய ஆள். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. மற்றவர்கள் பேனா செருகும் பையில் அவர் வெர்னியர் அளவுகோல் செருகியிருப்பார். எதைப் பார்த்தாலும் அளப்பார். ஒரு கல்யாணப் பந்தியில் இலையில் வைத்த மைசூர்பாகை அளந்து பார்த்து, "இந்தப் பக்கம் ரெண்டு எம்எம் கம்மீங்க" என்று பரிமாறியவரிடம் சொன்னதை நான் பக்கத்து இலையிலிருந்து பார்த்தேன். பரிமாறியவர் பயந்துபோய் இன்னொன்று வைத்தார். அதையும் அளந்தார்.

அவரிடம் நான் ஐந்து வருடம் வேலை பார்த்தேன். பொருளறிவியலில் முனைவர் பட்டம் வாங்கிய பெண்ணுக்கு பம்ப் பட்டறையில் என்ன வேலை என்று என் சித்தப்பா ஒவ்வொரு தீபாவளிக்கும் கேட்பார். எலும்பு செய்கிறேன் என்று சொல்வேன். அடுத்த தீபாவளிக்கும் அதே கேள்வி வரும்.

எலும்பு எப்படி வந்தது என்றால், அவருடைய மச்சான் பொள்ளாச்சி ரோட்டில் வண்டியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். உலோக பிளேட் வைத்து ஸ்க்ரூ போட்டு முடுக்கினார்கள். எலும்பு கூடிய பிறகு ஏதோ உறுத்துகிறது என்று மறுபடியும் அறுத்து அந்த பிளேட்டை எடுத்தார்கள். எங்கள் முதலாளிக்கு இது பொறுக்கவில்லை. வைப்பதற்கு ஒருமுறை அறுத்தார்கள், சரி. எடுப்பதற்கு ஒருமுறை அறுப்பது என்ன டிசைன்?

"கான்கிரீட் காஞ்சதும் சென்ட்ரிங் பலகை தானாக் கரஞ்சு போனா எப்படிங்க இருக்கும்? அதாட்ட ஒரு பிளேட்டு வேணுமுங்க" என்றார் என்னை முதல்முதலாகப் பார்த்தபோது. அதுதான் நேர்காணல்.

அப்படி ஒன்று உலகத்தில் உண்டு, பல பேர் அதில் வேலை செய்கிறார்கள் என்று நான் சொன்னேன். உடம்புக்குள் மெல்லக் கரைகிற ஒரு வகை பிளாஸ்டிக். எலும்பில் இருக்கிற அதே சுண்ணாம்புத் தாதுவை நானோ அளவுக்குப் பொடியாக்கி அதோடு கலக்க வேண்டும். அந்தப் பொடி இருந்தால்தான் எலும்புச் செல்கள் வந்து ஒட்டும், காலூன்றும், பெருகும். பிளாஸ்டிக் கரையக் கரைய அந்த இடத்தை எலும்பு பிடித்துக்கொள்ளும். எல்லாம் அந்தச் செல்கள் ஒட்டுவதில்தான் இருக்கிறது. ஒட்டாவிட்டால் உடம்பு அதை வேண்டாத பொருளாகப் பார்க்கும். வீங்கும், சீழ் வைக்கும், எலும்பு ஒன்றுசேராது.

கவனமாகக் கேட்டார். பிறகு என்னென்ன எந்திரம் வேண்டும் என்றார். படங்களோடு ஒரு பட்டியல் கொண்டுபோயிருந்தேன். அவர் ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு சொல் எழுதினார். கரைசலைத் துளித்துளியாகச் சேர்க்கும் கருவிக்குப் பக்கத்தில் 'சொட்டுநீர்' என்று எழுதினார். செல் வளர்க்கும் பெட்டிக்குப் பக்கத்தில் 'கோழிப்பண்ணை'. பொடியை நானோ அளவுக்கு அரைக்கும் எந்திரத்துக்குப் பக்கத்தில் 'கிரைண்டர்'. எழுதி முடித்துவிட்டு, திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்.

சொட்டுநீர் என்றால் சொட்டுநீர்தான். அவருடைய தென்னந்தோப்பில் தென்னைக்குத் தண்ணீர் விடுகிற அதே கறுப்புக் குழாயும் அதே மூக்கும். நான் சிரித்தேன். அவர் குழாயைப் பலமுறை கழுவி, ஒரு வால்வைத் தானே கடைந்து பொருத்தி, என்னை ஒரு டம்ளரையும் கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு உட்காரச் சொன்னார். நிமிடத்துக்கு இத்தனை சொட்டு என்று நான் கேட்டேன். அத்தனை சொட்டு விழுந்தது, ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. நாங்கள் செய்த தாது சுண்ணாம்பைப் போல வெள்ளை வெளேரென்று வந்தது. கல்லூரியில் நான் பயன்படுத்திய வெளிநாட்டுக் கருவி வாரத்துக்கு ஒருமுறை அடைத்துக்கொள்ளும். இது ஐந்து வருடத்தில் ஒருமுறைகூட அடைக்கவில்லை.

கோழிப்பண்ணை என்றால் பல்லடம் பக்கத்தில் மூடிப்போன ஒரு குஞ்சு பொரிப்பகத்திலிருந்து வாங்கி வந்த பெட்டி. வாங்கியதற்காக இரண்டு நாள் முகம் வாடி இருந்தார். "முட்டைக்கு முப்பத்தேழரை டிகிரி, உங்க செல்லுக்கு முப்பத்தேழு. அரை டிகிரிக்கு எதுக்குங்க அம்மணி தனிப் பொட்டி?" என்றார். செல்களுக்குக் கரியமில வாயு வேண்டும் என்றேன். சோடா கம்பெனிக்காரர் ஒருவரிடமிருந்து சிலிண்டர் வந்தது. முதல் வாரம் மட்டும் ஒரு சங்கடம். முட்டைகளை மணிக்கொருமுறை சாய்த்துத் திருப்புகிற மோட்டாரைக் கழற்ற மறந்துவிட்டார். காலையில் வந்து பார்த்தால் கிண்ணங்களில் இருந்த திரவம் எல்லாம் கீழே, செல்கள் எல்லாம் சுவரோரமாக. மோட்டாரைக் கழற்றிய பிறகு பெட்டி அருமையாக ஓடியது. வெளியூரிலிருந்து வந்த ஒரு பேராசிரியர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, தன் ஆய்வகத்துக்கும் இப்படி ஒன்று கிடைக்குமா என்று என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார்.

இதை எல்லாம் விவரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அவர் வெறும் கிறுக்கராக இருந்திருந்தால் எங்களுக்குப் பிரச்சினையே இல்லை. இரண்டு முறை நான் சிரித்தேன், இரண்டு முறையும் அவர் ஜெயித்தார். மூன்றாம் முறை நான் எந்த முகத்தோடு ஆட்சேபிப்பது?

மூன்றாவது, கிரைண்டர். கோயமுத்தூரில் கிரைண்டரைப் பற்றித் தப்பாகப் பேசுவது பெற்ற தாயைப் பழிப்பதற்குச் சமம். கல்யாணமான பெண்ணோடு அமெரிக்காவுக்கே அது போகிறது. அவர் ஒரு பெரிய ஓட்டல் கிரைண்டரை எடுத்து, பம்ப் மோட்டாரைப் பொருத்தி, வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் வழிசெய்து, மூடி போட்டு என் முன்னால் நிறுத்தினார். நான் பட்டியலில் கேட்டிருந்தது, ஜிர்கோனியா என்ற கெட்டிப் பீங்கானால் ஆன குடுவையும் உருண்டைகளும் உள்ள எந்திரம்.

"பீங்கான் எதுக்குங்க?"

"அது தேயாதுங்கய்யா. கல்லு தேயும். தேஞ்ச கல்லு பொடியில கலந்துபோயிரும்."

"நாப்பது வருசமா இதுல அரச்ச மாவத்தானுங்க திங்கறோம். செத்தா போயிட்டோம்?"

"வயித்துக்குள்ள போறது வெளிய போயிருமுங்க. எலும்புல வெச்சது எங்கீங்க போகும்?"

கொஞ்ச நேரம் யோசித்தார். எனக்கு நம்பிக்கை வந்தது. "நெம்ப நல்ல கேள்வி கேட்டீங்க" என்று சொல்லிவிட்டு ஸ்விட்சைப் போட்டார்.

இரண்டு நாள் ஓடியது. வெள்ளைப் பொடி லேசாகச் சாம்பல் நிறமாக வெளியே வந்தது. நிறம் மாறியிருக்கிறது என்றேன். "எலும்பு கலராட்டவே இருக்குது பாருங்க" என்று மகிழ்ந்தார். பொடியின் அளவைப் பார்க்க ஒரு கல்லூரிக்கு அனுப்பினோம். நாங்கள் எதிர்பார்த்ததைவிடவும் நுண்ணியது என்று பதில் வந்தது. அதில் எவ்வளவு தாது, எவ்வளவு கிரைண்டர் கல் என்று அந்த எந்திரம் சொல்லாது. அளவை மட்டும்தான் சொல்லும். அவருக்கு அளவு போதும்.

அந்தத் தாள் வந்த அன்று பட்டறையில் எல்லோருக்கும் இனிப்பு. அடுத்த வாரம் ஒரு விழா. 'கொங்கு மண்ணின் நானோ எலும்பு' என்று வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். அதில் முதலாளியின் படம் பெரியதாகவும், எலும்பின் படம் சிறியதாகவும், அதுவும் நாய்க்குப் போடுகிற எலும்பு மாதிரியும் இருந்தது. தலைமை தாங்க வந்தவர், நானோ என்பது ஏதோ அரசுத் திட்டம் என்று நினைத்துக்கொண்டு, அதை ஈரோடு மாவட்டத்துக்கும் விரிவுபடுத்த வேண்டும் என்று முக்கால் மணிநேரம் பேசினார். பக்கத்துப் பட்டறைக்காரர் மறுமாதமே தன் மோட்டாருக்கு 'நானோ' என்று பெயர் வைத்தார். அது பழைய மோட்டார்தான். நீல பெயின்ட் மட்டும் புதிது.

விழா முடிந்த பிறகுதான் நாங்கள் செல் சோதனை செய்தோம். கோயமுத்தூரில் முதலில் விழா, பிறகு வேலை.

சோதனை எளிமையானது. பிளேட்டுக்கான கலவையில் சிறு வட்டுகள் செய்து, கிண்ணத்தில் வைத்து, அதன் மேலும் சுற்றிலும் எலும்புச் செல்களை விட வேண்டும். மூன்று நாள் கழித்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். ஒத்துப்போகிற பொருள் என்றால் செல்கள் தட்டையாகி, கை கால் நீட்டி, வட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும். எங்கள் வட்டைச் சுற்றிலும் ஒட்டினது எதுவும் இல்லை. செல்கள் உருண்டு, சுருங்கி, மிதந்துகொண்டிருந்தன. அரைக்காத பழைய வெள்ளைப் பொடியில் செய்த வட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் வைத்திருந்தேன். அதில் ஒட்டியிருந்தன. கிரைண்டர்தான் என்று புரிய அதற்கு மேல் ஒன்றும் வேண்டியதில்லை.

சொன்னேன். "செல்லு பழசுங்களா?" என்று கேட்டார். புதிய செல் வாங்கிச் செய்தேன். செத்தன. தண்ணீரைச் சந்தேகப்பட்டு, சிறுவாணித் தண்ணீரைத் தானே இரண்டு முறை காய்ச்சி வடிக்கும் ஒரு கருவி செய்து கொடுத்தார். செத்தன. சோடா கம்பெனி வாயுவைச் சந்தேகப்பட்டார். கிண்ணத்தைச் சந்தேகப்பட்டார். ஒருநாள், நான் காலையில் வெறும் வயிற்றில் வேலை செய்வதால் கை நடுங்குகிறதோ என்று கேட்டு, அன்றிலிருந்து எனக்கு இட்லி வாங்கி வைக்கச் சொன்னார். அந்தக் கிரைண்டரைத் தவிர உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் சந்தேகப்பட்டார்.

அவர் மேல் எனக்குப் பிரியம் இருந்தது. இதை நான் மறைக்கப் போவதில்லை. ஒருநாள் என் ஸ்கூட்டர் பட்டறை வாசலில் நின்றுவிட்டது. அறுபது ஃபிட்டர்கள் உள்ளே இருக்க, வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே மண்ணில் உட்கார்ந்து கார்புரேட்டரைக் கழற்றினார். அதற்குப் பிறகு இரண்டு வருடம் அந்த ஸ்கூட்டர் ஒருநாளும் நிற்கவில்லை. இடது பக்கம் திரும்பினால் மட்டும் தானாக ஹாரன் அடிக்கும். அதைச் சொன்னால் மறுபடியும் மண்ணில் உட்காருவார் என்று நான் சொல்லவில்லை. இடது பக்கம் அதிகம் திரும்பாமல் வீட்டுக்குப் போக வேறு வழி கண்டுபிடித்துக்கொண்டேன்.

நான்காவது சோதனையிலும் நான் அதையேதான் செய்தேன் என்று இப்போது தோன்றுகிறது. மூன்று முறை 'இல்லீங்க' என்று சொல்லியாகிவிட்டது. நான்காவது முறை சொல்ல எங்கள் ஊர் நாக்குக்கு வராது. அவர் கதவோரம் நின்று, "இந்தத் தடவ எப்படீங்க அம்மணி?" என்று கேட்டபோது அவர் கண்ணைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. கிண்ணத்தில் வட்டுக்குப் பக்கத்தில் எல்லாம் செத்திருந்தன. ஆனால் வட்டிலிருந்து தள்ளி ஒரு மூலையில் கொஞ்சம் உயிரோடு இருந்தன. நான் அந்த மூலையை மட்டும் படம் எடுத்தேன், அங்கே இருந்ததை மட்டும் எண்ணினேன். 'செல்களின் ஒட்டுதல் ஏற்கத்தக்க அளவில் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வாழ்க்கையில் அதற்கு முன் நான் ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுதியவள் இல்லை. அன்றும் எண்ணை மாற்றவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்தத் தாளைப் படித்துவிட்டு அவர் குழந்தை மாதிரி சிரித்தார். அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்துக்கொண்டார். எட்டு மாதம் கழித்து, அந்தப் பொடியில் செய்த பிளேட்டுகளும், முயல்களில் சோதனை செய்ய அனுமதி கேட்கும் ஒரு காகிதக் கட்டும் தயாராயின. முயலுக்குப் பிறகு மனிதர்கள். அந்தக் கட்டில் முதல் தாள் என் ரிப்போர்ட்டின் நகல். திங்கட்கிழமை அனுப்புவதாக இருந்தது.

அதற்கு முந்தைய வியாழக்கிழமை காலையில் அவர் வீட்டம்மா எனக்குப் போன் செய்தார்.

"அம்மணி, உங்க முதலாளி தண்ணித் தொட்டில இருந்து உழுந்துபோட்டாருங்க. கணுக்காலுக்கு மேல முறிஞ்சு போச்சு."

மொட்டைமாடித் தொட்டியின் வால்வு ஒழுகியிருக்கிறது. பம்ப் பட்டறை முதலாளி ஒரு ஃபிட்டரைக் கூப்பிட்டிருக்கலாம். ஏணியை அவரே செய்திருந்தார் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசலிலேயே அவர் வீட்டம்மா நின்றுகொண்டிருந்தார். கல்யாணமாகி முப்பத்தைந்து வருடத்தில் தன் வீட்டில் ஒரு சாமானுக்காவது அது கடையிலிருந்து வந்தபோது இருந்த மூடி இன்னும் இருக்கிறதா என்று பார் என்று என்னிடம் பலமுறை புலம்பியவர். அன்று புலம்பவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்கு ஆபரேசனாம் கண்ணு. டாக்டர் வெக்கற பிளேட்டு வேண்டாம், நம்ம பிளேட்டத்தான் வெக்கோணுமுன்னு ஒத்தக் கால்ல நிக்கறாரு. எனக்கு இந்தப் படிப்பெல்லாம் தெரியாது. நீங்க சொல்லுங்க, அது நல்லதுதானுங்களா?"

நான் உள்ளே போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். வாய் அதைத்தான் சொன்னது.

டாக்டர் முதலாளிக்குத் தங்கை மகன் முறை. சின்ன வயது, நல்ல கைராசி என்று பெயர். நடையில் என்னைத் தனியே அழைத்துப் போனார்.

"அனுமதி இல்லாத பொருளுங்க. வெக்கக் கூடாது. எனக்குத் தெரியும்."

"அப்ப முடியாதுன்னு சொல்லிரலாமுங்களே."

"மாமாகிட்டயுங்களா?" என்று என்னைப் பார்த்தார். "முடியாதுன்னு சொல்லாம, ரிப்போர்ட் இருந்தாப் பாக்கலாமுங்க மாமான்னு சொன்னேன். ரிப்போர்ட் இருக்காதுன்னு நெனச்சேன். தலைகாணிக்கு அடியில இருந்து எடுத்துக் குடுத்துட்டாரு. உங்க கையெழுத்து. படிச்சா நல்லாத்தான் இருக்குது. எங்காலு, எம் பிளேட்டு, நான் எழுதித் தாரேன், இதுல சர்க்காரு எங்க வந்துச்சுங்கறாரு. எனக்கும் என்ன பண்றதுன்னு தெரியலைங்க."

மரியாதைக்காக நான் ஒரு பொய் எழுதினேன். மரியாதைக்காக அவர் ஒரு 'பாக்கலாம்' சொன்னார். எங்கள் இரண்டு பேருடைய மரியாதையும் சேர்ந்து நாளைக் காலை பத்து மணிக்கு ஒரு மனுஷனின் காலுக்குள் கிரைண்டர் கல்லை வைக்கப் போகிறது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போய் மடிக்கணினியோடு திரும்பி வந்தேன். அன்று இடது பக்கமெல்லாம் திரும்பினேன். ஊரே திரும்பிப் பார்த்தது.

அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். கால் ஒரு கட்டைக்கு மேல் உயர்த்திக் கட்டப்பட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்க அம்மணி. முயலெல்லாம் எதுக்குங்க? நானே மொத முயலு."

"ஐயா, அது வேண்டாமுங்க."

"ஏனுங்க?"

"அந்த ரிப்போர்ட் பொய்யுங்கய்யா."

வீட்டம்மா எழுந்து நின்றார். முதலாளி என்னையே பார்த்தார். எனக்கு அழுகை வந்தது. அழுதால் அவர் என்னைச் சமாதானப்படுத்த ஆரம்பித்துவிடுவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். மடிக்கணினியை அவர் மடியில் வைத்தேன்.

"நான் சொல்றத நம்ப வேண்டாமுங்க. நீங்களே எண்ணிப் பாருங்க."

நான்கு சோதனையின் படங்களும் அதில் இருந்தன. நான் எழுதாமல் விட்ட படங்களும் இருந்தன. எது உயிருள்ள செல், எது செத்தது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். மாதக்கணக்கில் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலால் திரையைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். வெள்ளைப் பொடி வட்டைச் சுற்றி எண்ணி முடிக்கவே நேரம் பிடித்தது. கிரைண்டர் பொடி வட்டைச் சுற்றி எண்ண ஒன்றும் இல்லை. விரல் திரையில் அங்கும் இங்கும் போய், ஓரிடத்தில் நின்றது.

"அப்ப ரிப்போர்ட்ல இருந்தது எங்கீங்க?"

கிண்ணத்தின் மூலையைக் காட்டினேன். "இத மட்டுந்தானுங்க எண்ணினேன்."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். மூடியை மெதுவாகச் சாத்தி மடிக்கணினியை என்னிடம் கொடுத்தார். டாக்டரைக் கூப்பிடச் சொன்னார். டாக்டர் வந்ததும், "மாப்பிள, உங்ககிட்ட இருக்கறதயே வெச்சிருங்க" என்றார். பிறகு என்னிடம், "அந்தக் கட்ட அனுப்ப வேண்டாமுங்க" என்றார். அவ்வளவுதான். வீட்டம்மா பட்டென்று உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்திருந்தார்கள். ஆள் முழு நினைவோடு இருந்தார். திரைக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு, "மாப்பிள, மூணாவது ஸ்க்ரூ சரியா முடுங்கலைங்க. சத்தத்துலயே தெரியுது" என்று சொன்னாராம். டாக்டர் எரிச்சலோடு சரிபார்த்திருக்கிறார். இன்னும் அரைச் சுற்று இறுகியதாம். இதை டாக்டரே என்னிடம் சொன்னார். வெளியே சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

நான் வேலையை விட்டுவிடுவது என்று முடிவு செய்து, கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு நான்காம் நாள் பார்க்கப் போனேன். வீட்டம்மா வெந்நீர் வாங்க வெளியே போயிருந்தார். முதலாளி மட்டும் இருந்தார். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நல்லாயிருக்குதுங்க என்றார். சாப்பிட்டீங்களா என்று அவர் கேட்டார். ஆச்சுங்க என்றேன்.

"ஏனுங்க அம்மணி, ஒண்ணு கேக்கட்டுங்களா?" என்றார்.

"கேளுங்கய்யா."

"இது அடுத்தவன் காலா இருந்திருந்தா, இப்படி ஓடி வந்து சொல்லியிருப்பீங்களா?"

எட்டு மாதம் அந்தத் தாள் பிளாஸ்டிக் உறைக்குள் அவர் மேஜை மேல் இருந்தது. எட்டு மாதமும் நான் தினம் அதைத் தாண்டிப் போய் வந்தேன். முயலை நினைக்கவில்லை. முயலுக்குப் பிறகு வரப்போகிற, யாரென்றே தெரியாத ஒரு மனுஷனையும் நினைக்கவில்லை. திங்கட்கிழமை அது போயிருக்கும், நான் வழக்கம்போல இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பேன். இரண்டாவது பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

"மாட்டனுங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். எனக்கு என்ன வந்ததோ, கோபமா அவமானமா என்று தெரியவில்லை, ஐந்து வருடத்தில் முதல் தடவையாக அவரைத் திருப்பிக் கேட்டேன்.

"நான் ஓடி வந்து சொல்லியிருந்தா, அடுத்தவன் காலுக்காக நீங்க கேட்டிருப்பீங்களாங்கய்யா?"

கட்டுப் போட்டிருந்த காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாட்டனுங்க" என்றார்.

நர்ஸ் கட்டு மாற்ற வந்தார். புதிதாகச் சேர்ந்த பெண் போலிருக்கிறது. பழைய துணியை அவிழ்த்து, தையலைத் துடைத்து, புதிய துணியைச் சுற்ற ஆரம்பித்தார். ஒரு பக்கம் இறுக்கமாகவும் ஒரு பக்கம் தொளதொளவென்றும் வருவது எனக்கே தெரிந்தது. அவருக்குத் தெரியாமல் இருக்காது. விரல்கள் ஒருமுறை போர்வையின் மேல் அசைந்தன. பிறகு அந்தக் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார். நர்ஸ் சுற்றி முடித்து, முடிச்சைப் பார்த்துவிட்டு, "சரியா இருக்குதுங்களாங்கய்யா?" என்று கேட்டார்.

"உங்களுக்குத்தானுங்களே தெரியும்" என்றார் அவர்.